கறுப்பு எள்ளில் வெள்ளை ஹம்மூஸ்

அத்தியாயம் 17

ஒரு நாட்டின் ஆன்மா அதன் மணலில் இல்லை, எண்ணெய்க் கிணற்றில் இல்லை, மன்னரின் அரண்மனையிலும் இல்லை. அந்த நாட்டு மனிதன் ரொட்டியைத் தொட்டுத் தின்னும் ஹம்மூஸில் இருக்கிறது.

இந்த மகத்தான உண்மையை உலகுக்கு அறிவித்தவர் சூசையப்பன். அறிவித்த இடம், சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தின் மாதா கோயில் முற்றம். அறிவித்தபோது வாயில் பாதிப் பழம்பொரி இருந்ததால் யாருக்கும் புரியவில்லை. விழுங்கிவிட்டு இரண்டாம் தடவை அறிவித்தார்.

அந்த இரண்டாம் தடவைதான் வினையாகிப்போனது. பக்கத்தில் ஹோம்ஸ்டே மேனேஜர் ஜிபி நின்றுகொண்டிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. தோட்டத்துக்கு மேலே இருக்கும் ஹோம்ஸ்டேயின் சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் குமுளிக்கு மாறிவிட்டார். சனிக்கிழமை கொச்சியிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். அவர்கள் சோறு தொடமாட்டார்கள், மிளகாயைப் பார்க்கவே மாட்டார்கள். அவர்கள் கேட்டிருப்பது ஹம்மூஸ். டப்பாவில் அடைத்தது கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும். ஜிபி இதைச் சொல்லித் தலையைச் சொறிந்த நேரத்தில் சூசையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஏழு வருசம் ஷார்ஜாவுல காலையும் மாலையும் ஹம்மூஸு தின்னவன் நான். என் வீட்டுல வெச்சா, மணம் புடிச்சு அரபிக்காரனே மலையேறி வந்துருவான்."

வைப்பது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு, பாத்திரம், விறகு எல்லாம் அவர் மனைவி சந்தனமேரியைச் சேர்ந்தவை. அபிப்பிராயம் மட்டும் அவருடையது.

"அப்போ மேரி சேச்சி வீட்டுல செஞ்சு கொண்டுவரட்டே," என்றான் ஜிபி. "நல்லா வந்தா திங்கள்கிழமை முதல் எங்க அடுக்களை சேச்சிக்கு. பெர்மனன்ட். இல்லெங்கில் கோட்டயத்துலேந்து ஒரு டிப்ளமாக்காரன் பெட்டி கட்டி ரெடியா இருக்கான்."

சந்தனமேரி அன்று சாயங்காலமே அந்த அடுக்களையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாலு அடுப்பு, பெரிய பிரிட்ஜ், சுவரில் வரிசையாகக் கத்திகள். அவள் கண்ணில் அதெல்லாம் படவில்லை. தரைதான் பட்டது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தரை சமமாக இருந்தது.

இருபத்தாறு வருஷமாக அவள் சரிவில் நிற்கிறாள். ஏலச்செடி அடியில் குந்தி, மழையில், அட்டைக் கடியில், காய் எடுக்கிறாள். வலது முட்டி ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது இரண்டு சத்தமும் போடுகிறது. சமமான தரையில் நின்று பார்க்கிற வேலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அது ஹம்மூஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

ஹம்மூஸ் என்றால் என்ன என்பது இன்னும் புரியவில்லை.

* * *

சனிக்கிழமை விடிந்தது. விடிந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெளியே மழை.

இரண்டு கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின நாள் மத்தியானமே ஊறப்போட்டிருந்தாள் சந்தனமேரி. மலைக்குளிரில் கடலை சோம்பேறி. கீழே கம்பம் ஊரில் ஒரு ராத்திரியில் ஊறுவது, இங்கே ஒரு பகலும் சேர்த்துக் கேட்கும்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஆன்மேரி, ஒரு தோளில் கைக்குழந்தையும் மறுகையில் போனுமாக அடுப்படி வாசலில் நின்றாள். போனில் தாடி வைத்த ஒருவர் ஹம்மூஸ் செய்துகொண்டிருந்தார். சூசையப்பன் பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படி நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால் சந்தனமேரி எதை எடுக்கவும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

"அம்மா, வேகும்போது கொஞ்சம் சோடா உப்பு போடணுமாம். அப்பத்தான் மசியுமாம்."

"சோடா உப்பா?" சூசையப்பன் சிரித்தார். "அரபிக்காரன் சோடா உப்ப கண்ணால பாத்தது கிடையாது."

"செய்யுறவரே அரபிக்காரர்தான்ப்பா. பேரப் பாருங்க."

சூசையப்பன் எட்டிப் பார்த்தார். "இவன் டவுன் அரபி," என்றார்.

சந்தனமேரி சோடா உப்பைப் போட்டாள். கடலை வெந்தது. விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல் மசிந்தது. அதுவரை எல்லாம் சரி.

"அடுத்து தஹினி," என்றாள் ஆன்மேரி.

"தஹினிங்கிறது ஒட்டகப் பாலுல எடுக்குற ஒரு வகை ஆடை," என்றார் சூசையப்பன். "இங்க கிடைக்காது. அதுக்குப் பதிலா..."

"எள்ளுதான்ப்பா. எள்ள அரைக்கிறாரு."

"எள்ளும் போடுவாக. வசதி இல்லாத வீட்டுல."

"ஏங்க," என்றாள் சந்தனமேரி, "அந்த நாற்காலிய எடுத்து வாசலுல போட்டு அங்கேருந்து சொல்லுறீகளா? இங்க குடிக்க வெச்ச தண்ணிக்குக்கூட வழியில்ல."

அவர் வாசலுக்குப் போனார். அங்கிருந்து இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால், அடுத்த இரண்டு வீடுகளுக்கும் அரபு நாட்டுச் சமையல் இலவசமாகக் கிடைத்தது.

எள் பக்கத்து வீட்டு அழகுத்தாயிடமிருந்து வந்திருந்தது. சனிக்கிழமைதோறும் சனி பகவானுக்கு எள் தீபம் போடுகிறவள் அவள். ஒரு டம்ளர் நிறையக் கொடுத்திருந்தாள். சந்தனமேரி அதை வாணலியில் கொட்டி, எள்ளுப்பொடிக்கு வறுக்கிறபடியே வறுத்தாள். படபடவென்று வெடித்து, மணம் தெருமுனை வரை போகிற பக்குவம். அதில் இந்த லயத்து வரிசை வீடுகளிலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது. வறுத்ததை அரைத்து, வெந்ததில் கொஞ்சம் கடலையோடு சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பூண்டும் உப்பும் வைத்து, மிக்ஸியில் இன்னொரு சுற்று சுற்றி மூடியைத் திறந்தாள்.

அம்மாவும் மகளும் எட்டிப் பார்த்தார்கள். குழந்தையும் பார்த்தது.

சாம்பல் நிறம். சாம்பலில்கூட ஈரச் சாம்பல். நடுநடுவே கறுப்புப் புள்ளிகள்.

"போனுல வெள்ளையா இருந்துச்சேம்மா," என்றாள் ஆன்மேரி. "லைட்டு வெளிச்சத்துல அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்."

தப்பு யாருடையதும் இல்லை. அந்த லயத்தில் எள் என்றால் கறுப்பு. எள்ளுருண்டை கறுப்பு, எள்ளுப்பொடி கறுப்பு, பகவானுக்குப் போவதும் கறுப்பு. வெள்ளையாகவும் ஒன்று உண்டென்று அங்கே யாருக்கும் இதுவரை தோன்றியதில்லை.

முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அழகுத்தாய் மிக்ஸிக்குள் தலையை நீட்டினாள்.

"மேரிக்கா, வீட்டுக்குப் பூச்சு வேல ஆரம்பிச்சாச்சா? சொல்லவே இல்ல."

"அசல் ஹம்மூஸோட நிறமே இதான்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஆளும் வந்தார். "என் முதலாளி வீட்டுல இதே நிறம்தான்." ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"கசக்குதாண்ணே?" என்றாள் அழகுத்தாய்.

"பழகணும்," என்றார் சூசையப்பன். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா ஒரு ஸ்பூனு மஞ்சப்பொடி போட்டுப் பாரு. நிறம் சரியாயிரும்," என்றார்.

போன் அடித்தது. ஜிபி.

"சேச்சி, ஒரு குழப்பமும் இல்லல்லோ? ஆளுக வந்து இறங்கியாச்சு. பன்னிரெண்டரைக்கு மேசையில வேணும், கேட்டோ."

"சரி சாரே," என்றாள் சந்தனமேரி.

மணி எட்டு. வெள்ளை எள் கட்டப்பனையில் கிடைக்கும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். கட்டப்பனை ரோட்டில் மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

சந்தனமேரி தரையில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முட்டி இரண்டு சத்தம் போட்டது. திங்கள்கிழமை காலை, கோட்டயத்து டிப்ளமாக்காரன் அந்தச் சமமான தரையில் செருப்புப் போட்டு நடக்கிற சத்தம்கூட அவள் காதில் கேட்டது.

"விடும்மா," என்றாள் ஆன்மேரி. "முடியலன்னு சொல்லிருவோம்."

அவள் கை தரையைத் துழாவிக்கொண்டிருந்தது. கழுவும்போது சிந்தி, ஈரத்தில் கிடந்த எள்ளில் நாலைந்தை விரல் தானாக எடுத்திருந்தது. காய் பார்க்கிற பெண்களின் விரல் சும்மா இருக்காது. எது அகப்பட்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டும். ஏலக்காயைத் தொட்டுப் பார்த்தே எட்டு எம்எம்மா ஏழு எம்எம்மா என்று சொல்கிற விரல் அது. உருட்டிய விரலில் ஏதோ வழுக்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

கறுப்புத் தோல் கழன்று ஒரு பக்கம் கிடந்தது. விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"அழகு," என்றாள். "இங்க பாருடி. உள்ள வெள்ளையா இருக்கு."

அழகுத்தாய் குனிந்தாள். ஒன்றை எடுத்துத் தானும் உருட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் உரிச்சாத்தாங்க்கா தெரியுது," என்றாள். "உங்க வீட்டு அண்ணனத்தான் இன்னும் யாரும் உரிச்சுப் பாக்கல."

* * *

ஒரு டம்ளர் எள் ஏற்கெனவே சாம்பலாகிவிட்டது. இன்னொரு படி வேண்டும். அழகுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்தில் இறங்கினாள். சனிக்கிழமை என்பது நல்லதாகப் போயிற்று. எல்லா இந்து வீட்டிலும் விளக்குக்கு எள் வாங்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். அன்று சனி பகவானுக்குச் சேர வேண்டியதில் பாதி மாதா கோயில் குடும்பத்துக்குப் போனது. பகவான் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

மீதிக் கடலை அண்டாவையும் தூக்கிக்கொண்டு அங்கிருந்து நேரே ஸ்டோருக்குப் போனார்கள். ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கிற கட்டடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மழைக்காலத்தில் அந்த மலையிலேயே ஈரமில்லாத ஒரே இடம். உள்ளே காய் காய்கிறது. வெளித் தாழ்வாரத்தில் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி அழகுத்தாய். ஸ்டோருக்கு அதிகாரி ரத்தினசாமி. அதிகாரி என்று சொல்லிக்கொள்வது ரத்தினசாமிதான்.

"இது காய் காயுற இடம்," என்றார் அவர். "எள்ளு, கடலையெல்லாம் உள்ள விட ரூல் கிடையாது."

"ரூலு எங்கண்ணே எழுதியிருக்கு?" என்றாள் அழகுத்தாய். "போன மாசம் உங்க வீட்டுக் கருவாடு உள்ள காஞ்சப்போ அந்த ரூலு லீவுல இருந்துச்சா?"

ரத்தினசாமி கதவைத் திறந்துவிட்டார்.

எள்ளை வெந்நீரில் ஊறவைத்தார்கள். ஒன்பதரைக்குச் சாயா மணி அடித்தது. கால் மணி நேரம். வழக்கமாக அந்த நேரத்தில் வேகவைத்த கப்பக்கிழங்கும் கட்டஞ்சாயாவும் ஊர்க்கதையும் ஓடும். அன்று பன்னிரண்டு பேரும் எழுந்து கை கழுவினார்கள்.

காய்ந்த ஏலக்காயின் காம்பு போவதற்கு அதைச் சாக்கில் பரப்பித் தேய்ப்பார்கள். ரொம்ப அழுத்தினால் காய் உடையும், அழுத்தாவிட்டால் காம்பு போகாது. அந்த அளவு உள்ளங்கைக்குத்தான் தெரியும். இப்போது சாக்கில் ஊறின எள் கிடந்தது. நாலு பேர் மண்டி போட்டுத் தேய்த்தார்கள். சரசரவென்று தோல் கழன்றது.

மற்ற எட்டுப் பேர் வெந்த கடலை அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கடலைக்கும் ஒரு மெல்லிய தோல். இரண்டு விரலால் ஒரு அமுக்கு. கடலை இந்தப் பக்கம் பாத்திரத்தில் விழும், தோல் அந்தப் பக்கம் பறக்கும்.

"ஏத்தா, இது எட்டு எம்எம். நல்லா பச்ச விட்டுருந்தா ஏலத்துக்கே போகும்."

"இது ரெண்டா பொளந்தது. மூணாந்தரம்."

"மூணாந்தரத்த சூசண்ணன் பக்கம் போடு. அவருதான் எல்லாந் தின்னு பழகுனவரு."

சூசையப்பன் பின்னாலேயே வந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடந்தார். "தோலு முழுசாப் போகணும். அரபிக்காரன் தோலு பாத்தா தட்டத் தூக்கி எறிஞ்சுருவான்," என்றார். ஒன்றரை மணி நேரம் முன்பு மஞ்சள் பொடி போடச் சொன்னவர் அவர்தான் என்பதை அவர் உட்பட எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"அண்ணே," என்றாள் ஒருத்தி, "ஷார்ஜாவுல இத யாரு உரிப்பாக?"

"அங்க எல்லாத்துக்கும் மெஷினு."

"அப்போ நாங்க மெஷினுன்னு சொல்லுறீக?"

 சூசையப்பன் நடையை மறுபக்கமாகத் திருப்பினார்.

கால் மணி முடிந்து வேலை மணி அடித்தபோது அண்டாவில் ஒரு தோல் இல்லை. உரித்த எள்ளை ரத்தினசாமி தம் கையாலேயே தட்டில் பரப்பி உள்ளே வைத்தார். முக்கால் மணி நேரத்தில் அது மொறுமொறுவென்று வந்தது. அழகுத்தாய் முறத்தில் போட்டு ஒரு வீச்சு வீசினாள். கறுப்பெல்லாம் பறந்து தாழ்வாரத்துக்கு வெளியே மழையில் விழுந்தது. முறத்தில் நின்றது வெள்ளை.

பன்னிரண்டு பேரும் வேலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் வெள்ளை எள்ளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் அவர்களே செய்தது.

சாம்பல் நிற ஹம்மூஸும் வீணாகவில்லை. மீந்த கப்பக்கிழங்குக்குத் தொட்டுக்கொண்டார்கள். "உறப்பு பத்தல, மத்தபடி குத்தமில்ல," என்பது அவர்கள் தீர்ப்பு.

* * *

வீட்டில் கரண்ட் இருந்தது. மழைநாளில் அதுவே அற்புதம்தான்.

இந்தத் தடவை சந்தனமேரி எள்ளை வெடிக்கவிடவில்லை. வாணலி சூடேறி, மணம் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே இறக்கிவிட்டாள். இருபத்தாறு வருஷப் பழக்கம் கையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. அவள் கேட்கவில்லை. அரைத்தாள். எள் முதலில் பொடியானது, பிறகு பிசினானது, பிறகு எண்ணெய் விட்டு மோர்போல ஓடியது.

"ஐஸ் தண்ணி ஊத்தணுமாம்," என்றாள் ஆன்மேரி.

குழாயைத் திறந்தாள் சந்தனமேரி. மலையிலிருந்து நேரே வருகிற தண்ணீர். அந்த மழையில் அதைவிட ஐஸ் வேறெங்கும் கிடைக்காது. ஊற்ற ஊற்ற விழுது வெளுத்து, கெட்டியாகி, கரண்டியில் ஏறி நின்றது. கடலை சேர்ந்தது. பூண்டு, உப்பு, எலுமிச்சை சேர்ந்தன. மூடியைத் திறந்தாள்.

வெள்ளை. முழு வெள்ளை இல்லை, தந்தத்தின் நிறம். ஒரு திப்பி இல்லை. கரண்டியால் இழுத்தால் கரண்டி போன வழி அப்படியே நின்றது.

ஆன்மேரி போனை எடுத்து அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அம்மா! அந்தத் தாடிக்காரர் செஞ்சதவிட நல்லா இருக்கு!"

சந்தனமேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சின்ன வாணலியை அடுப்பில் வைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகு டப்பாவைத் திறந்து, கறிவேப்பிலையை உருவினாள். கடுகு விழப்போகிற நேரத்தில் மகள் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா! தாளிக்கக் கூடாது!"

சந்தனமேரி கையில் இருந்த கடுகைப் பார்த்தாள். "ஆண்டவரே," என்றாள். "நான் எங்கடி தாளிச்சேன்? கை தாளிக்குது."

* * *

பன்னிரண்டு இருபதுக்கு ஜீப் ஹோம்ஸ்டே வாசலில் நின்றது. முன்னால் சூசையப்பன் இறங்கினார். ஷார்ஜா காலத்துப் பேன்ட், அதே காலத்து செண்ட். பின்னால் தூக்குவாளியோடு சந்தனமேரி இறங்கினாள்.

விருந்தினர் ஆறு பேருக்கும் தலைமை ஜின்சி மேடம். சாயம் தோய்க்காத பருத்தியில் கசங்கிய சட்டை, கசங்கியிருப்பதற்காகவே வாங்கியது. சாப்பாடு வரும்வரை மற்ற ஐந்து பேருக்கும் பசியைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். நம் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை, உண்மையைக் கேட்கிறது என்றார். ஐந்து உடம்புகளும் பதினொரு மணியிலிருந்து அடுக்களைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

தட்டு வந்தது. நடுவில் கரண்டியால் வட்டமாகக் குழித்து, அதில் ஆலிவ் எண்ணெய் நின்றது.

ஜின்சி மேடம் ரொட்டியைக் கிள்ளி, தொட்டு, வாயில் வைத்துக் கண்ணை மூடினார். திறக்கவில்லை. ஜிபி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். சந்தனமேரி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெய்ரூட்ல சாப்பிட்டிருக்கேன்," என்றார் மேடம் கண்ணைத் திறக்காமலே. "அங்ககூட இத்ர பட்டுபோல இல்ல."

மற்ற ஐந்து பேரும் வகுப்பு முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.  தட்டு துடைபட்டது. இன்னொரு தட்டு போனது. அதுவும் துடைபட்டது. ஒருவர் ரொட்டி தீர்ந்த பிறகு விரலால் துடைத்தார்.

"இதுல ஏலத்தின்டெ ஒரு மணம்," என்றார் ஜின்சி மேடம். "சின்னதா, தூரத்துல. இந்த மண்ணே பேசுறமாதிரி இருக்கு."

பேசியது மண் இல்லை. ரத்தினசாமி எள் காயவைத்த தட்டைக் கழுவவில்லை.

"இது யாரோட ரெசிபி?"

சூசையப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். "நான் ஷார்ஜாவுல இருந்தப்போ..."

"ஓ, ஷார்ஜா! எந்த ஏரியா? தஹினியும் கடலையும் என்ன கணக்குல போடுவீங்க?"

சூசையப்பன் வாயைத் திறந்தார். ஒட்டகம் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு குரல் கேட்டது. சந்தனமேரிக்கே அது தன் குரல் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாலு பங்கு கடலைக்கு ஒரு பங்கு எள்ளு விழுதும்மா. அது கணக்கில்ல, உரிக்கிறதுதான் கணக்கு. கடலைக்கும் தோலு உரிச்சோம், எள்ளுக்கும் உரிச்சோம். ஒண்ணொண்ணா."

"எள்ளுக்கா? ஒவ்வொண்ணுக்குமா?" மேடத்தின் குரலில் முதல் தடவையாக வகுப்பு இல்லை. "எத்தன நாளாச்சு?"

"கால் மணி நேரம். சாயா டைமுல. பதிமூணு பேரு. எங்க கைக்கு அது பழக்கம்."

மேடம் எழுந்து வந்து சந்தனமேரியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஏலக்கறை படிந்து விரல் நுனி கறுத்திருந்தது. சந்தனமேரி கையை இழுத்துக்கொள்ளப் போனாள். பிறகு இழுக்கவில்லை. பார்க்கட்டும் என்று நீட்டியே வைத்திருந்தாள்.

ஜிபி உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தான். மேசையில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, எல்லோர் முன்னாலும் எழுதினான். சந்தனமேரி எட்டிப் பார்த்தாள். மலையாளம் அவளுக்கு வாசிக்கத் தெரியும். அவள் பெயர் சரியாக இருந்தது. அதற்கு நேரே 'பிரதான குக்' என்று இருந்தது.

"பிரதானன்னா?" என்றார் சூசையப்பன்.

"தலைமை," என்றான் ஜிபி.

"அப்போ அவளுக்குக் கீழ யாரு?"

"அண்ணன் வர்றெங்கில், வெங்காயம் உரிக்க ஆள் வேணும்."

சூசையப்பன் மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே போனார். விட்டிருக்கவில்லை. ஆனாலும் அங்கேயே நின்றார்.

சந்தனமேரி அடுக்களைக்குள் நுழைந்தாள். யாரும் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். முட்டி ஒரு சத்தமும் போடவில்லை. மூன்றாவது தடவை, பார்க்க யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் வேகமாகவே நடந்தாள். போனை எடுத்து அழகுத்தாயைக் கூப்பிட்டாள்.

"கிடைச்சுருச்சுடி."

அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் பன்னிரண்டு பேர் போட்ட கூச்சலில் ரத்தினசாமி ஸ்டோரில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்ததாகப் பிறகு தெரிந்தது.

போனை வைத்தபோது வாசலில் ஜிபியும் ஜின்சி மேடமும் நின்றார்கள்.

"சேச்சி, ஒரு காரியம் கூடி," என்றான் ஜிபி. "மேடம் செவ்வாய்க்கிழமை வரை இங்கதான். இதப் பத்தி பெரிசா எழுதப் போறாங்க."

"அந்த ஆலிவ் ஆயில்," என்றார் மேடம். மறுபடி கண்ணை மூடியிருந்தார். "எத்ர லைட்! எத்ர மிருது! இங்க கிடைக்கிறதெல்லாம் நான் பாத்திருக்கேன், இது அதுல ஒண்ணுமில்ல. எந்த நாட்டுது சேச்சி?"

"வீட்டுல இருந்ததும்மா," என்றாள் சந்தனமேரி.

"திங்கள்கிழமை வரும்போ அந்தக் குப்பிய கொண்டு வரணும், கேட்டோ," என்றான் ஜிபி. "மேடம் போட்டோ எடுக்கணுமாம். நம்ம மெனு போர்டுலயும் அந்தப் பேர எழுதணும்."

சந்தனமேரி தலையாட்டினாள்.

அந்த எண்ணெய், குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்ட ஆன்மேரி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. குப்பியின் மேல் ஒரு குழந்தை அம்மணமாகத் தவழ்ந்துகொண்டிருந்தது.